உயர்மலை ஓடைகளின் மிட்ஜ் பூச்சிகளை வகைப்படுத்தி அடையாளம் காணுதல்: முழுமையான வழிகாட்டி

பனியாற்றின் வாயிலிருந்து ஓடை புறப்படும் இடத்தில், கோடையின் உச்சத்தில்கூடத் தண்ணீரின் வெப்பம் 2 டிகிரி செல்சியஸைத் தாண்டாமல் இருக்கலாம். பனி அரைத்த கல்மாவு கலந்து, கலங்கிய வெண்சாம்பல் நிறத்தில் அந்த நீர் பாயும். மீன் இருக்காது, செடி கொடி இருக்காது. ஆனால் ஒரு கல்லைப் புரட்டி வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால், சில மில்லிமீட்டர் நீளமுள்ள புழுக்கள் அதன்மீது ஒட்டிக்கொண்டு நெளிவதைக் காணலாம். அவை பெரும்பாலும் மிட்ஜ் பூச்சிகளின் லார்வாக்கள். உருவில் கொசுவை ஒத்தும் கடிக்காமல் வாழும் கைரோனோமிடே குடும்பத்தைச் சேர்ந்தவை. உலகெங்கும் 6,000க்கும் மேற்பட்ட சிற்றினங்கள் இக்குடும்பத்தில் விவரிக்கப்பட்டுள்ளன. உயரமும் குளிரும் கூடக்கூட, ஓடையில் வாழும் மற்ற பூச்சிகள் ஒவ்வொன்றாக விலக, கடைசிவரை நிற்பவை இவையே.

இவற்றை அடையாளம் காண முற்படுபவர்கள் பலரும் நடுவழியில் சோர்ந்துவிடுகிறார்கள். ஒரு லார்வாவை மட்டும் வைத்துக்கொண்டு சிற்றினப் பெயர் வரை போக முயல்வதே அதற்கு முக்கியக் காரணம் என்பது என் கருத்து. லார்வாவைக் கொண்டு துணைக்குடும்பத்தை உறுதியாகச் சொல்லலாம். பேரினத்தைப் பெரும்பாலும் சொல்லலாம். சிற்றினப் பெயரை ஆண் பூச்சியும், கூட்டுப்புழு கழற்றிவிட்டுப் போன தோலும்தான் தரும். எந்தப் பருவம் எவ்வளவு தூரம் அழைத்துச் செல்லும் என்பது மனத்தில் இருந்தால், இந்த வேலை கடினமானதாக இருந்தாலும் குழப்பமானதாக இராது.

முதல் படி: ஓடை எந்த வகை என்று பாருங்கள்

பூச்சியைத் தேடுவதற்கு முன் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடியுங்கள். உயர்மலை ஓடைகளை மூன்று வகையாகப் பிரிப்பது வழக்கம். பனியாறு உருகி வருவது கிரையல். நிலத்தடி ஊற்றிலிருந்து வருவது கிரீனல். பருவப்பனி உருகியும் மழையாலும் பெருகுவது ரைத்ரல். ஒரே பள்ளத்தாக்கில், கூப்பிடு தூரத்தில், மூன்றும் இருக்கக்கூடும். அவற்றில் வாழும் மிட்ஜ் கூட்டங்களோ வெவ்வேறாக இருக்கும். ஊற்றுநீர் ஆண்டு முழுவதும் ஏறத்தாழ ஒரே வெப்பத்தில் தெளிவாக ஓடும். அங்கே பாசி படரும், இனங்களும் பெருகும். பனியாற்று நீர் ஒரே நாளுக்குள் பலமுறை குணம் மாறும்.

பனியாற்று ஓடைகளில் வெப்பத்துக்கும் பூச்சிகளுக்கும் உள்ள தொடர்பை மில்னரும் பெட்ஸும் 1994இல் ஒரு வரிசையாக வகுத்தார்கள். நீரின் உச்ச வெப்பம் 2 டிகிரிக்குக் கீழே இருக்கும்வரை டயமேசா பேரினம் ஏறத்தாழத் தனியாகவே இருக்கும். 2 முதல் 4 டிகிரிக்குள் டயமேசினே துணைக்குடும்பத்தின் மற்ற உறுப்பினர்கள் சேர்வார்கள். 4 டிகிரியைத் தாண்டினால் ஆர்த்தோக்ளாடியினே துணைக்குடும்பமும், கருப்பு ஈக்களான சிமுலிடே குடும்பமும் வரும். மேலும் கீழிறங்கி நீர் சூடேறி, ஓடையின் அடித்தளமும் நிலைபெற்ற பிறகே மற்ற பூச்சிக் குடும்பங்கள் குடியேறும். எல்லா மலைகளிலும் இந்த வரிசை அப்படியே பொருந்துவதில்லை. டயமேசா பெரும்பாலும் வடகோளத்துப் பேரினம். ஆண்டிஸ் மலைத்தொடரின் குளிர்ந்த ஓடைகளில் போடோனோமினே துணைக்குடும்பத்துக்கும் ஆர்த்தோக்ளாடியினேவுக்கும்தான் முக்கிய இடம். தென்கண்டங்களில் போடோனோமினே பரவியிருக்கும் விதத்தை ஆராய்ந்த சுவீடன் நாட்டு லார்ஸ் புருண்டின், அந்தக் கண்டங்கள் ஒருகாலத்தில் இணைந்திருந்தன என்பதற்கு 1966இல் இந்தச் சின்னஞ்சிறு பூச்சிகளிலிருந்தே சான்று காட்டினார். ஆகவே வடகோள ஓடைக்காக எழுதப்பட்ட அடையாளத் திறவுகோலை, அதாவது கேள்வி கேள்வியாகக் கேட்டுப் பெயருக்கு இட்டுச்செல்லும் பட்டியலை, தென்கோளத்தில் கண்ணை மூடிக்கொண்டு பயன்படுத்தாதீர்கள். திறவுகோலில் இடம்பெறாத பேரினத்துக்கும் அது ஏதோ ஒரு பெயரைத் தந்துவிடும்.

வெப்பநிலை, கடல்மட்டத்திலிருந்து உயரம், நீரின் கலங்கல், கற்களின் அளவு, பாசி உண்டா இல்லையா ஆகியவற்றை அங்கேயே எழுதிக்கொள்ளுங்கள். ஒருமுறை அளந்த வெப்பத்தைவிட, சில நாட்கள் நீரில் கிடந்து பதிவு செய்யும் சிறு வெப்பமானி தரும் உச்ச அளவு பல மடங்கு பயனுள்ளது.

இரண்டாம் படி: சேகரித்தல்

பனியாற்று ஓடைக்குக் காலையில் செல்லுங்கள். வெயில் ஏறப் பனி உருகி, பிற்பகலிலும் மாலையிலும் நீர் பெருக்கெடுக்கும். காலையில் தாண்டிச் சென்ற ஓடையை மாலையில் தாண்ட முடியாமல் போகலாம். காலையில் நீர் குறைவாகவும் ஓரளவு தெளிவாகவும் இருப்பதால் கற்களும் நன்றாகத் தெரியும். பாதுகாக்கப்பட்ட பகுதியானால் முன்கூட்டியே அனுமதி பெற்றுக்கொள்ளுங்கள்.

லார்வாக்களுக்கு சர்பர் வலை நன்று. யூஜின் சர்பர் 1930களில் வடிவமைத்த இந்தக் கருவியில், ஓடையின் தரையில் படியும் சதுரச் சட்டம் ஒன்றும், நீரோட்டத்துக்கு எதிராக நிற்கும் வலை ஒன்றும் இருக்கும். சட்டத்துக்குள் அடங்கும் கற்களைக் கையால் தேய்த்து, தரையையும் கிளறிவிட்டால், பெயர்ந்தவை எல்லாம் வலைக்குள் போகும். பரப்பளவு தெரிந்திருப்பதால் எண்ணிக்கையைக் கணக்கிடவும் முடியும். வலைக்கண் 250 மைக்ரானைத் தாண்ட வேண்டாம். பொதுவான ஓடை ஆய்வுகளில் பயன்படும் 500 மைக்ரான் வலை இங்கே இளம் லார்வாக்களையும் கோரினோநியூரா போன்ற குட்டிப் பேரினங்களையும் வெளியே விட்டுவிடும்.

வலை எட்டாத இடங்களே அதிகம் சொல்லும். பெரிய கற்களின் மேல்முகத்தை இடுக்கியும் மென்தூரிகையும் கொண்டு தேடுங்கள். பாறையில் படர்ந்த பாசியை ஒரு பிடி எடுத்துத் தட்டில் பிழியுங்கள். நீர் மெல்லிய படலமாக வழியும் செங்குத்துப் பாறைகளைத் தவறவிடாதீர்கள். அங்கே வாழ்பவை ஓடைக்குள் கிடைப்பதில்லை. சரளைக் கற்களுக்கு அடியில் ஊறும் நீரில் க்ரெனோஸ்மிட்டியா போன்ற மெல்லிய உடலுடைய பேரினங்கள் இருக்கின்றன. அதற்குக் கரையோரச் சரளையில் ஒரு குழி தோண்டி, அதில் ஊறும் நீரை வலையில் வடிகட்டினால் போதும்.

அடுத்தது நுரை. பெரிய பாறைகளுக்குப் பின்னால் நீர் சுழலும் இடங்களிலும், கரையில் சிக்கிய குச்சிகளுக்கிடையிலும் நுரை தேங்கும். பூச்சி வெளியேறிய பின் மிதக்கும் கூட்டுப்புழுத் தோல்கள் அந்த நுரையில்தான் வந்து சேரும். அவை ஓரிரு நாட்கள் மிதந்துவிட்டு மூழ்கிவிடும்; ஆகவே நுரையில் இருப்பது அண்மையில் பறந்துபோனவற்றின் பட்டியல். ஜெர்மானிய அறிஞர் ஆகஸ்ட் தீனெமான் 1910 வாக்கிலேயே இந்தத் தோல்களைத் திரட்டி ஆராயும் முறையைத் தொடங்கிவைத்தார். ஒரு கரண்டி நுரை, பல மணி நேரம் கல் புரட்டிக் கிடைப்பதைவிட அதிக இனங்களைக் காட்டக்கூடும். சேகரிப்பில் ஒரே ஒரு வேலைக்குத்தான் நேரம் இருக்கிறது என்றால் நான் நுரையைத்தான் அள்ளுவேன்.

வளர்ந்த பூச்சிகளைக் கரையோரக் கற்களின் அடியிலும், பனித்திட்டின் மேலும், பாறை இடுக்குகளிலும் தேடுங்கள். குளிர்ந்த இரவுகளில் விளக்குப் பொறிக்கு அவ்வளவாகப் பலன் இராது. உயர்மலை டயமேசாக்களில் சில பறப்பதைவிட நடப்பதையே விரும்புகின்றன. இதன் எல்லையை நேபாளத்தின் யாலா பனியாற்றில் காணலாம். ஜப்பானிய ஆய்வாளர் ஷிரோ கோஷிமா 1984இல் விவரித்த அந்த டயமேசா, சிறகு குறுகிப் பறக்க முடியாத நிலையில் பனியின் மேலும் அதன் இடைவெளிகளிலும் நடந்து திரிகிறது. −16 டிகிரி குளிரிலும் அதன் இயக்கம் நிற்கவில்லை. அதன் லார்வாக்கள் பனிக்கட்டிக்குள் ஓடும் உருகுநீர்க் கால்வாய்களில் நுண்பாசிகளையும் பாக்டீரியாக்களையும் தின்று வளர்கின்றன. பனியின்மேல் ஒரு கரும்புள்ளி நகர்ந்தால் குனிந்து பாருங்கள்.

பதப்படுத்துவதற்கு, உருவ ஆய்வு மட்டும் என்றால் 70 முதல் 80 சதவீத எத்தனால் போதும். மரபணு ஆய்வுக்கும் வாய்ப்பு வேண்டுமானால் 95 சதவீதத்தில் இட்டு, குளிரில் வையுங்கள். ஈரமான மாதிரிகள் எத்தனாலை நீர்க்கச் செய்துவிடும் என்பதால் அன்று மாலையே ஒருமுறை மாற்றிவிடுங்கள். ஃபார்மலின் வேண்டாம், அதில் போட்டவற்றிலிருந்து மரபணுவை மீட்பது மிகவும் கடினம்.

மூன்றாம் படி: குடும்பத்தைப் பிரித்தல்

மலை ஓடையில் கிடைக்கும் காலற்ற புழுக்கள் எல்லாம் கைரோனோமிடே ஆகிவிடாது. இந்தப் பிரிப்புக்கு 10 முதல் 40 மடங்கு பெருக்கும் இருவிழி நுண்ணோக்கியும் வெள்ளைத் தட்டும் போதும்.

கைரோனோமிடே லார்வாவின் தலை கடினமான முழு ஓடாக, உடலுக்குள் இழுத்துக்கொள்ளாமல் வெளியே தெரியும். தலைக்குப் பின்னால் பன்னிரண்டு கண்டங்கள், அதாவது வளையம் வளையமான உடல் துண்டுகள். மார்பின் முதல் கண்டத்தின் அடியில் ஒரு ஜோடி போலிக்கால்களும் (கால்போன்ற, கணுவற்ற சதை முனைப்புகள்), வால்நுனியில் மற்றொரு ஜோடியும் இருக்கும். இரண்டின் முனையிலும் கொக்கிகள். பின்முனையின் மேற்புறத்தில் மயிர்க்கற்றை தாங்கிய இரண்டு சிறு தண்டுகள் பெரும்பாலும் தெரியும். சில டயமேசாக்களில் அந்தத் தண்டுகள் மிகவும் சுருங்கிப்போய் மயிர் மட்டும் எஞ்சியிருக்கும்.

சிமுலிடே லார்வா பின்புறம் பருத்து, தலையில் விசிறி போன்ற இரண்டு வடிகட்டிகளுடன் இருக்கும். முன்போலிக்கால் ஒன்றே ஒன்றுதான். பின்முனையில் வட்டமாகக் கொக்கி வரிசைகள். ஆனால் உயர்மலைத் தலையோடைகளில் வாழும் ஜிம்னோபைஸ், ட்வின்னியா ஆகிய பேரினங்களுக்கு அந்த விசிறியே கிடையாது. அவற்றைப் பலர் மிட்ஜ் என்றே ஒதுக்கிவிடுகிறார்கள். விசிறியைத் தேடாமல் பின்முனைக் கொக்கி வட்டத்தைத் தேடினால் ஏமாற மாட்டீர்கள்.

செரடோபோகோனிடே குடும்பத்தின் லார்வாக்களில் பெரும்பாலானவை போலிக்கால் எதுவும் இல்லாமல், நூல்போல நீண்டு, பாம்பைப் போல நெளியும். பாறைப் படலநீரில் கிடைக்கும் தௌமலேயிடே லார்வாவுக்கு முன்மார்பில் குட்டையான சுவாசத் தண்டு இருக்கும். போலிக்கால் முன்னும் பின்னும் ஒவ்வொன்றே. டிக்சிடே லார்வா வளைந்த கோலத்தில் நீரின் ஓரத்தில் கிடக்கும்; வயிற்றின் முதல் இரண்டு கண்டங்களில் போலிக்கால்கள். சைகோடிடே லார்வாவின் முதுகில் கரிய தகடுகள் வரிசையாக இருக்கும்.

அருவியாகப் பாயும் நீரில் இன்னும் இரண்டு அருமையான குடும்பங்கள் உண்டு. ப்ளெஃபாரிசெரிடே லார்வாவைப் புரட்டிப் பார்த்தால், உடலின் அடிப்பக்கத்தில் நடுக்கோட்டில் ஆறு ஒட்டுறுப்புகள் தெரியும். தலை, மார்பு, வயிற்றின் முதல் கண்டம் மூன்றும் ஒன்றாக இணைந்திருப்பதால் உடலே ஆறு துண்டுகளாகத் தோன்றும். அமெரிக்கக் கண்டங்களில் வாழும் மருயினா என்ற சைகோடிடே பேரினத்துக்கும் ஒட்டுறுப்புகள் உண்டு. ஆனால் அவை எட்டு. எண்ணிப் பார்த்துவிட்டே பெயரிடுங்கள்.

மற்றொன்று டியூட்டரோஃப்ளெபிடே. மலை மிட்ஜ் என்ற பெயரை உண்மையிலேயே சுமப்பது இந்தக் குடும்பம்தான். இதில் டியூட்டரோஃப்ளெபியா என்ற ஒரே பேரினம். இங்கிலாந்துப் பூச்சியியலாளர் எஃப். டபிள்யூ. எட்வர்ட்ஸ், காஷ்மீரிலிருந்து கிடைத்த மாதிரிகளைக் கொண்டு 1922இல் இதை முதன்முதலாக விவரித்தார். ஆசியாவின் மலைகளிலும் வட அமெரிக்காவின் மேற்குப் பகுதியிலும் இது வாழ்கிறது. லார்வாவின் வயிற்றுப் பகுதியில் இருபுறமும் ஏழு ஜோடிப் போலிக்கால்கள் பக்கவாட்டில் நீண்டிருக்கும். ஒவ்வொன்றின் நுனியிலும் நுண்கொக்கி வரிசைகள். உணர்கொம்பு நீண்டு கவைபோலப் பிரிந்திருக்கும். வளர்ந்த பூச்சிக்கு வாயுறுப்பே இல்லை. அதிகாலையில் வெளிவந்து, ஓரிரு மணி நேரத்தில் இணைசேர்ந்து மடிந்துவிடும். ஆணின் உணர்கொம்பு உடலைவிடப் பல மடங்கு நீளம். லார்வா வேகமான நீரில், மழமழப்பான கல்லின் மேல்முகத்தில் மட்டும் இருக்கும் என்பதால், கற்களை உருட்டிக் கழுவும் அவசரச் சேகரிப்பில் இது அரிதாகவே அகப்படும்.

நான்காம் படி: ஸ்லைடு தயாரித்தல்

கைரோனோமிடே என்று உறுதியானவற்றைத் தட்டிலேயே உருவம், நிறம், தலை வடிவம் பார்த்துக் குழுக்களாகப் பிரியுங்கள். ஒவ்வொரு குழுவிலிருந்தும் சிலவற்றை ஸ்லைடில் ஏற்ற வேண்டும். தேர்ந்தெடுப்பது நான்காவது, அதாவது கடைசிப் பருவ லார்வாவாக இருக்கட்டும். லார்வா நான்கு பருவங்களைக் கடக்கிறது. ஒவ்வொரு தோலுரிப்பிலும் தலை ஓட்டின் அகலம் ஒரு படி தாவும். ஒரே குழுவில் பல தலைகளின் அகலத்தை அளந்தால் அளவுகள் தனித்தனிக் கொத்துகளாக விழும். பெரிய கொத்துதான் கடைசிப் பருவம். மார்புக் கண்டங்கள் உப்பி, உள்ளே கூட்டுப்புழுவின் சுவாசக் கொம்பு தெரியத் தொடங்கியிருந்தால் இன்னும் நல்லது. இளம் பருவத்தில் உணர்கொம்பின் அளவுகள் வேறுபடுவதால் திறவுகோல் தவறான பாதையில் இழுத்துவிடும்.

தலையை உடலிலிருந்து நுண்ஊசியால் பிரியுங்கள். மரபணு ஆய்வு வேண்டுமானால் உடலில் ஒரு பகுதியை இந்தக் கட்டத்திலேயே எடுத்து வைத்துவிடுங்கள். தலையை 10 சதவீதப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலில் இட்டு, மிதமான சூட்டில் சில நிமிடங்களோ, அறை வெப்பத்தில் ஓர் இரவோ வையுங்கள். தசை கரைந்து தலை ஓடு கண்ணாடிபோல் தெளிய வேண்டும். அந்தக் கணத்தில் நிறுத்துங்கள். அதற்கும் மேல் வைத்தால், ஏற்கெனவே வெளிறிய நிறமுள்ள டானிபோடினே தலைகளில் எதுவுமே தெரியாமல் போய்விடும். காரம் கையில் படாமலும் கண்ணில் தெறிக்காமலும் பார்த்துக்கொள்ளுங்கள்.

பிறகு நீரிலும், சிறிது அசிட்டிக் அமிலத்திலும் கழுவி, 70, பிறகு 95 சதவீத எத்தனாலுக்கு மாற்றி, ஸ்லைடில் மாதிரியை நிலையாகப் பதிக்கும் பிசினான யூபராலில் ஒரு துளி விட்டுத் தலையை அதில் வையுங்கள். தலையின் அடிப்பக்கம் மேல்நோக்கி இருக்க வேண்டும் என்பதுதான் முக்கியம். உடலைப் பக்கவாட்டில் படுக்கவைத்து, தனிக் கவர்ஸ்லிப்புக்கு அடியில் அதே ஸ்லைடில் ஏற்றுங்கள். தலையின் மேல் கவர்ஸ்லிப்பை இறக்கியதும், ஊசி முனையால் மெதுவாக ஒருமுறை அழுத்துங்கள். இரண்டு தாடைகளும் விலகி விரிந்து, நடுவில் உள்ள பல்தகடு மறைப்பின்றித் தெரியும். இந்த ஓர் அழுத்தத்தில்தான் நல்ல ஸ்லைடுக்கும் வீணான ஸ்லைடுக்கும் உள்ள வேறுபாடு இருக்கிறது. குறைந்த அழுத்தத்தில் தாடைகள் பற்களை மூடிவிடும். மிகையானால் பல்தகடு விரிசல் விடும். ஸ்லைடைச் சமதளத்தில் வைத்து நன்றாக உலரவிடுங்கள்.

ஐந்தாம் படி: துணைக்குடும்பம்

இனி 100 முதல் 1000 மடங்கு வரை பெருக்கும் கூட்டு நுண்ணோக்கி வேண்டும். மலை ஓடையில் ஐந்து துணைக்குடும்பங்களை அறிந்திருந்தால் ஏறத்தாழ எல்லாம் அடங்கிவிடும்.

முதலில் உணர்கொம்பைப் பாருங்கள். அது தலைக்குள் இழுத்துக்கொள்ளக்கூடியதாக, உள்ளே ஒரு நீண்ட உறையில் அமர்ந்திருந்தால் டானிபோடினே. இவை வேட்டையாடிகள். வாயின் நடுவில், நுனியில் சில பற்களுள்ள நாக்குப்போன்ற ஒரு கரிய தகடு தெளிவாகத் தெரியும். குளிர்ந்த ஊற்றோடைகளில் ஸாவ்ரெலிமியா இந்தக் குழுவில் கிடைக்கும்.

இழுக்க முடியாத உணர்கொம்பானால் தலையின் அடிப்பக்க நடுவில் உள்ள பல்தகட்டுக்குப் போங்கள். அதன் இருபுறமும் மெல்லிய கோடுகள் விழுந்த விசிறித் தகடுகள் இருந்தால் கைரோனோமினே. அதிலும் உணர்கொம்பு தனி மேடையின்மேல் நிற்குமானால் டானிடார்சினி குலம். உயரமான ஓடைகளில் இந்தத் துணைக்குடும்பத்திலிருந்து வருபவை பெரும்பாலும் இந்தக் குலத்தவை, குறிப்பாக மைக்ரோப்செக்ட்ரா. சமவெளிச் சேற்றில் கிடைக்கும் இரத்தச் சிவப்புப் புழுக்களை இங்கே எதிர்பார்க்க வேண்டாம். அந்தச் சிவப்பு ஹீமோகுளோபினால் வருவது. ஆக்சிஜன் குறைந்த இடத்தில் அது தேவை. பாயும் குளிர்நீரில் ஆக்சிஜனுக்குப் பஞ்சமில்லை.

கோடுள்ள தகடுகள் இல்லையென்றால் மீண்டும் உணர்கொம்புக்கு வாருங்கள். 400 மடங்கில் அதன் மூன்றாவது கண்டத்தை மையத்துக்குக் கொண்டுவந்து, நுண்குவியத் திருகை மிக மெதுவாக நகர்த்துங்கள். முதலில் அது ஒரு வெறும் உருளையாகத் தோன்றும். குவியம் சரியாக விழும்போது, அந்த உருளையில் நெருக்கமான குறுக்கு வளையங்கள் எழுந்து வரும். அதுதான் டயமேசினேவின் முத்திரை. ஒரு முறை கண்ணால் கண்டுவிட்டால் பிறகு தவறாது. போடோனோமினேயிலும் சிலவற்றின் உணர்கொம்பில் வளையங்கள் உண்டு என்பதால், உடலின் பின்முனையையும் பார்த்துவிடுங்கள். அங்குள்ள மயிர்த் தண்டுகள் அகலத்தைப்போலக் குறைந்தது ஐந்து மடங்கு நீண்டிருந்தால் அது போடோனோமினே. வளையமும் இல்லை, கோட்டுத் தகடும் இல்லை, நீண்ட தண்டும் இல்லை என்றால் கையில் இருப்பது ஆர்த்தோக்ளாடியினேவாக இருக்க வாய்ப்பு மிகுதி.

ஆறாம் படி: பேரினம்

டயமேசா லார்வாவின் பல்தகட்டில் பற்கள் பல, நெருக்கமாக வரிசைகட்டியிருக்கும். தலையின் பின்விளிம்பு கருத்திருக்கும். வால் போலிக்கால்களின் கொக்கிகள் வலுவானவை. வேக நீரில் பற்றி நிற்பதற்கு அவையே ஆதாரம். சூடோடயமேசா உருவில் பெரியது. நன்கு வளர்ந்த மயிர்த் தண்டுகளுடன் இருக்கும். அமைதியான நீரிலும் ஊற்றுகளிலும் அதிகம்.

ஆர்த்தோக்ளாடியினேவில்தான் பொறுமை தேவை. பேரினங்கள் ஏராளம், வேறுபாடுகள் நுணுக்கமானவை. எளிதானவற்றிலிருந்து தொடங்குங்கள். உணர்கொம்பு தலையின் நீளத்துக்கு அல்லது அதற்கும் மேல் இருந்தால் கோரினோநியூரா. நீண்டிருந்தும் தலையின் நீளத்தை எட்டாவிட்டால் தீனெமானியெல்லாவைச் சோதியுங்கள். உடல் கண்டங்களில் கண்டத்தின் பாதி நீளத்தையாவது எட்டும் வலுவான தனி மயிர்கள் இருந்தால் ட்வெடெனியா. அதன் நெருங்கிய உறவான யூகீஃபெரியெல்லாவில் அந்த மயிர்கள் பெரும்பாலும் குட்டையாக இருக்கும். தாடையின் உள்விளிம்பில் முட்கள் தெரியும். ஆர்த்தோக்ளாடியஸ், க்ரிகோடோபஸ் இரண்டையும் லார்வாவில் பிரிப்பது தேர்ந்தவர்களுக்கும் சிரமம். ஐயம் இருந்தால் இரண்டு பெயர்களையும் சாய்கோடிட்டுச் சேர்த்தே எழுதுவது இத்துறையில் ஒப்புக்கொள்ளப்பட்ட வழக்கம்.

உயர்மலை ஓடைக்கே உரிய ஒரு பொறியைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். கல்லைச் சுரண்டித் தின்னும் லார்வாக்களின் பற்கள் தேய்கின்றன. கல்மாவு படிந்த ஓடைகளில் இந்தத் தேய்மானம் கடுமையானது. நடுப்பல் ஒன்றா இரண்டா என்று திறவுகோல் கேட்கும். தேய்ந்த தகட்டில் இரண்டும் ஒன்றாகத் தெரியும். பற்களின் முனைகள் தட்டையாக, ஒரே மட்டத்தில் வெட்டியதுபோல இருந்தால் அந்தத் தலையை ஒதுக்கிவையுங்கள். அண்மையில் தோலுரித்த, கூர்மை மாறாத பற்களுள்ள வேறொன்றைத் தேடுங்கள். தாடைப் பற்களையும் சேர்த்துப் பார்த்தால் தேய்மானம் உடனே புரிந்துவிடும்.

ஏழாம் படி: கூட்டுப்புழுத் தோலும் ஆண் பூச்சியும்

சிற்றினத்துக்கான வழி இங்கே திறக்கிறது. கழற்றிய தோலில் தசையோ கொழுப்போ இல்லாததால், பொட்டாசியம் ஹைட்ராக்சைடு இல்லாமலே நேராக ஸ்லைடில் ஏற்றலாம். பார்க்க வேண்டியவை மூன்று: மார்பில் உள்ள சுவாசக் கொம்பு, வயிற்றுக் கண்டங்களின் முதுகில் முட்கள் அமைந்திருக்கும் விதம், பின்முனை மடல்களில் உள்ள மயிர்கள். கைரோனோமினே தோலில் எட்டாவது கண்டத்தின் பின்மூலையில் முள்ளோ சீப்போ இருக்கும். ஆர்த்தோக்ளாடியினேவில் பின்முனை மடலின் நுனியில் பெரும்பாலும் மூன்று தடித்த மயிர்கள். டயமேசாவில் கண்டங்களின் பின்விளிம்பில் வலுவான முள்வரிசை.

ஆண் பூச்சியில் சிறகு, முன்கால், இனப்பெருக்க உறுப்பு ஆகிய மூன்றையும் தனித்தனியே ஏற்றுங்கள். டயமேசினே சிறகில் நடுநரம்பையும் அதற்குப் பின்னுள்ள நரம்பையும் இணைக்கும் ஒரு குறுக்கு நரம்பு உண்டு; ஆர்த்தோக்ளாடியினேவில் அது இல்லை. டயமேசாவின் பாதத்தில் நான்காவது கணு இதய வடிவில், ஐந்தாவதைவிடக் குட்டையாக இருக்கும். கைரோனோமினேவில் பொதுவாக முன்பாதத்தின் முதல் கணு அதற்கு மேலுள்ள கெண்டைப் பகுதியைவிட நீளம்; ஆர்த்தோக்ளாடியினேவில் குட்டை. வயிற்றின் நுனியில் உள்ள பற்றுக்கொறடு ஆர்த்தோக்ளாடியினேவிலும் டயமேசினேவிலும் உள்நோக்கி மடங்கும். கைரோனோமினேவில் பின்நோக்கி விறைத்து நிற்கும். சிற்றினங்களைப் பிரிக்கும் வரைபடங்கள் எல்லாம் இந்தக் கொறடின் உருவத்தையே சார்ந்திருக்கின்றன. ஆகவே அதைச் சாயாமல், முதுகுப்பக்கம் மேலே இருக்க, நேராக வையுங்கள்.

எல்லாவற்றிலும் மேலானது, வெளிவரும் தறுவாயில் இறந்த முதிர்ந்த ஆண் கூட்டுப்புழு. தோலுக்குள் ஆண் உறுப்பு முழுமையாக உருவாகியிருக்கும். வால்நுனியில் லார்வாவின் பழைய தோலும் தலை ஓடும் ஒட்டிக்கொண்டிருக்கவும் கூடும். மூன்று பருவங்களும் ஒரே உடலில். சேகரிப்பில் இப்படி ஒன்று கிடைத்தால் அதை மற்றவற்றுடன் கலக்காமல் தனிக்குப்பியில் இடுங்கள். அந்த ஓடையின் லார்வாக்கள் அனைத்துக்கும் அது ஒரு திறவுகோல் ஆகிவிடும்.

அப்படிக் கிடைக்காவிட்டால் வளர்த்துப் பாருங்கள். மார்பு உப்பிய லார்வாக்களையும் உயிருள்ள கூட்டுப்புழுக்களையும் ஒவ்வொன்றாகச் சிறு குப்பிகளில், சிறிதளவு ஓடைநீருடன், பஞ்சடைத்து, ஓடையின் வெப்பத்திலேயே வையுங்கள். இளம் லார்வாக்கள் தேங்கிய நீரில் நீடிப்பதில்லை. பூச்சி வெளிவந்ததும் உடனே கொல்லாதீர்கள்; உடல் கெட்டிப்பட்டு நிறம் ஏற ஒரு நாளாவது விடுங்கள்.

எட்டாம் படி: மரபணுவை எங்கே பயன்படுத்துவது

சிஓஐ என்ற மரபணுவின் 658 கார இணைகள் (டிஎன்ஏ எழுத்துகள்) கொண்ட துண்டு, விலங்குகளுக்கான மரபணுப் பட்டைக்குறி. லார்வாவையும் ஆண் பூச்சியையும் ஒரே இனமென்று இணைக்க அதைவிட விரைவான வழி இல்லை. பெண் பூச்சிகளுக்கும் இளம் லார்வாக்களுக்கும் அது ஒன்றே துணை. ஆனால் டயமேசாவில் உருவத்தால் பிரியும் சில நெருங்கிய இனங்கள் இந்தத் துண்டில் பிரிவதில்லை. எனவே மரபணுவை உருவத்துக்குப் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். தோலைச் சிதைக்காமல் மரபணுவைப் பிரிக்கும் முறையைக் கேட்டுச் செய்தால், அதே தோல் ஸ்லைடிலும் ஏறும். பூச்சியானால் ஒரு கால் போதும்.

ஒன்பதாம் படி: பெயரும் சீட்டும்

எந்தப் பருவத்தைப் பார்த்தீர்களோ அது அனுமதிக்கும் அளவுக்கே பெயரிடுங்கள். "டயமேசா, லார்வா, சிற்றினம் உறுதியில்லை" என்பது முழுமையான, மதிப்புள்ள பதிவு. பின்னால் வருபவர் அதை நம்பி மேற்கொண்டு போகலாம். உறுதியில்லாமல் எழுதிய சிற்றினப் பெயரோ, பரவல் வரைபடத்தில் ஒருமுறை ஏறிவிட்டால் இறங்குவதில்லை. பனியாறுகள் சுருங்கிவரும் இந்நாளில், எந்த ஓடையில் எந்த இனம் இருந்தது என்ற பதிவு திரும்ப எடுக்க முடியாததாகிவிடக்கூடும். அதனால்தான் இதில் இவ்வளவு கண்டிப்பு காட்டுகிறேன்.

ஸ்லைடின் இடப்புறச் சீட்டில் இடம், அட்சரேகை, தீர்க்கரேகை, உயரம், தேதி, நீரின் வெப்பம், சேகரித்தவர் பெயர். வலப்புறச் சீட்டில் பூச்சியின் பெயர், பருவம், பால், பெயரிட்டவர், பெயரிட்ட ஆண்டு. எத்தனாலில் கரையாத மை அல்லது பென்சிலால் எழுதிய அதே விவரங்கள் குப்பிக்கு உள்ளேயும் இருக்கட்டும். வெளியே ஒட்டிய சீட்டு உரிந்துவிடும். ஒரே உடலிலிருந்து பிரித்த தலை, தோல், சிறகு, மரபணு மாதிரி அனைத்துக்கும் ஒரே எண் கொடுங்கள். வேலை முடிந்ததும், பிறர் கேட்டால் எடுத்துக் காட்டக்கூடிய ஓர் அருங்காட்சியகத்திலோ பல்கலைக்கழகச் சேகரிப்பிலோ அவற்றை ஒப்படைத்து, அங்கே தரும் பதிவெண்ணை உங்கள் குறிப்பேட்டில் அந்த எண்ணுக்கு நேரே எழுதிவிடுங்கள்.